கடைசி பன்னை யாரும் எடுக்கவில்லை

சனிக்கிழமை காலை மரீத்தா அடுப்படியில் நின்று உருளைக்கிழங்குக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய புதுக்கிழங்கு. தோலோடு வேகவைத்து வெண்ணெயில் புரட்டிப் பையில் கட்டிவிட்டால், மலையேற்றத்தில் கையுறையைக் கழற்றாமலே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளலாம். மென்று விழுங்க மூச்சு அதிகம் செலவாகாது. பக்கத்துப் பாத்திரத்தில் புளுபெரிப் பழக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. பாட்டில் வாயில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாள். முந்தின நாள் சுட்ட பட்டை பன்கள் தகர டப்பாவுக்குள் துணிமேல் அடுக்கியிருந்தன.

எழுந்து அரை மணிகூட ஆகவில்லை, அதற்குள் தோள் இரண்டும் கனத்தன. அசதி அவளுக்குப் புதிதில்லை. ஒன்றரை வருஷமாக அது வீட்டில் இன்னொரு ஆள்மாதிரி இருந்தது. அவள் எழுவதற்கு முன்னமே எழுந்து வந்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

யோரான் உள்பனியனோடு வந்து டப்பாவை எட்டிப் பார்த்தான். அவளுடைய புருஷன், மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமையிலும் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும்.

"இத்தனையும் நீதான் சுமக்கப்போறியா?"

"முதுகுல கிடக்கும். சைக்கிள்தானே போகுது."

"எங்கக்காவுக்குக் கை இல்லையா?"

"சோல்வே அவளோட சத்து ஜெல் எடுத்துட்டு வருவா."

"ரூனே?"

"மிட்டாய். சனிக்கிழமையாச்சே."

யோரான் சிரித்தான். அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமைக்குத்தான். அக்கா வீட்டுக்காரன் ரூனேக்கு அறுபது வயது தாண்டியும் அந்தச் சட்டத்தை மீற மனசு வரவில்லை. வியாழக்கிழமை சைக்கிள் ஓட்டும்போது யாராவது மிட்டாயை நீட்டினால், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டு உலர்ந்த கலைமான் இறைச்சியைக் கடித்துக்கொள்வான்.

மரீத்தா டப்பாவை மூடினாள். மூடின பிறகும் கை மூடியை விட்டு வரவில்லை.

"யோரான், நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். இன்னைக்கு மொட்டைமலையைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கினப்புறம் எனக்குள்ள இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுன்னா, திங்கட்கிழமை ஷனெத்கிட்ட வேலைக்கு முழு நேரம் வர்றேன்னு சொல்லிடுவேன்."

"மிச்சம் இல்லேன்னா?"

"முக்கால்தான்."

"சைக்கிளுக்கும் வேலைக்கும் என்னடி சம்பந்தம்?"

"ரெண்டுலயும் சுவர் இருக்கே."

அவன் காபியை ஊற்றி அவள் பக்கம் தள்ளிவைத்தான். அவள் அதை நின்றபடியே குடித்தாள்.

சுவர் என்று அவள் சொன்னது அந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற பேச்சு. மலைப்பாதையில் உடம்பில் இருக்கிற சத்தெல்லாம் தீர்ந்து, சைக்கிள் மிதி மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டால் 'சுவரில் முட்டிவிட்டான்' என்பார்கள். வேலை வேலை என்று ஓடின ஆள் ஒருநாள் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தாலும் அதே வார்த்தைதான். சைக்கிள்காரனுக்கு முட்டினால் ஒரு வாழைப்பழமும் அரை மணி நேரமும் போதும். இன்னொரு சுவர் அப்படி விடாது.

மரீத்தா தென்விக் என்கிற அந்த ஊரிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கோடையிலேயே வீட்டுப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தாள். கிழவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குக் காரில் போய், கதவைத் திறந்து, மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சூடுபண்ணித் தட்டில் வைக்கிற வேலை. இடுப்பில் சாவிக்கொத்து. ஒரு வீட்டில் மீன், அடுத்த வீட்டில் இறைச்சி உருண்டை, அதற்கடுத்த வீட்டில் மசித்த கிழங்கு. "இன்னும் ஒரே ஒரு வாய், எனக்காக" என்று கெஞ்சி ஊட்டிவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் மட்டும் இரண்டு வீட்டுக்கு நடுவே, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மொறுமொறு ரொட்டியைக் கடித்துக்கொள்வாள். அதன் தூள் கார் இருக்கையில் எப்போதும் கிடக்கும். இரண்டு பையன்களை வளர்த்ததும் அப்படியே, நின்றவாக்கில். பையன்கள் வேலை தேடிக் கடற்கரைப் பக்கம் போனபிறகும் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் அவளுக்கு வரவில்லை. பசி என்று ஒன்று இருந்ததே உடம்புக்கு மறந்துபோயிற்று.

பிறகு ஒரு பிப்ரவரிக் காலை, எலோஃப் என்கிற கிழவரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். கையில் சாவி இருந்தது. இதை எந்தக் கையால், எதற்குள் விட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்ஜினையும் அணைத்துவிட்டாள் போலிருக்கிறது, கண்ணாடி உள்பக்கமாக உறைந்தது. கடைசியில் எலோஃப்தான் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பனியில் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன மரீத்தா, இன்னைக்கு நான் உனக்குக் கதவு தொறக்கணுமா? வா உள்ள, காபி போட்டிருக்கேன்."

அவளால் போக முடியவில்லை. அன்றைக்கு அழவும் முடியவில்லை. அழுகை வந்ததெல்லாம் பிறகு, சோபாவில் படுத்துக் கிடந்த மாதங்களில்.

சைக்கிளைக் கொண்டுவந்தவள் நாத்தனார் சோல்வே. தான் புதுசு வாங்கிக்கொண்டு, பழைய மலைச்சைக்கிளை இவள் வாசலில் சாய்த்துவிட்டு, "துருப்புடிச்சா உன் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மருத்துவரும் உடம்பை அசை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் ஆற்றுப்பாலம்வரை. ஒரு மாதம் கழித்து மரம் வெட்டும் பாதைவரை. இரண்டாவது கோடையில் வியாழக்கிழமைகளில் கூடும் சைக்கிள் குழுவோடு காட்டுக்குள் நீண்ட தூரம்.

அங்கேதான் சாப்பாடு ஒரு பாடமாக வந்து சேர்ந்தது. வெறும் காபியோடு கிளம்பி, வேர்கள் பின்னிக்கிடந்த பாதையில் கண் இருட்டிப் பாசிமேல் உட்கார்ந்தவளுக்கு சோல்வே தன் ஜெல்லைப் பிதுக்கி ஊட்டினாள். "பசிக்கறதுக்கு முன்னாடியே சாப்பிடணும்டி. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். பசிச்ச அப்புறம் சாப்பிடறது லேட்டு." ஜெல் மரீத்தாவுக்குச் சரிப்படவில்லை, பசையைத் தின்றமாதிரி குமட்டியது. அதற்குப் பதில் எதெல்லாம் ஆகும் என்று அவளே பார்க்க ஆரம்பித்தாள். வாழைப்பழம் பைக்குள் நசுங்கிச் சட்டையெல்லாம் கறுத்தது. சாக்லேட் வெயிலில் இளகும், பனியில் பல்லை உடைக்கும். கொட்டைகள் நல்லவைதான், ஆனால் ஏற்றத்தில் மூச்சிரைக்கும்போது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். உப்புக் கிழங்கு ஆகும். புளுபெரிக் கஞ்சி ஆகும். மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சுருட்டினால் பாதி நாள் தாங்கும். வியர்வை அதிகம் போன நாளில் உப்பில் ஊறின வெள்ளரிக்காய் ஒன்றுக்கு ஈடாக எந்தப் பொடியும் கிடையாது. கடைசி இளைப்பாறலுக்குக் காபியும் பன்னும். பன் சத்துக்கு மட்டுமில்லை, மனசுக்கும்.

இதெல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தது. யாருக்கு எப்போது எது வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள். "ரூனே, உன் காது வெளுத்துடுச்சு, ரெண்டு கிழங்கு போடு" என்பாள். வியாழக்கிழமைக் குழு அவளுக்குச் சமையல் வண்டி என்று பேர் வைத்தது. பட்டாளத்துக்குப் பின்னால் போகுமே, அந்த வண்டி. அவளுக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

கோடையிலிருந்து அவள் பாதி நேரத்துக்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். செப்டம்பரிலிருந்து என்ன என்று மேலாளர் ஷனெத் கேட்டிருந்தாள். மேலாளரையும் பேர் சொல்லி 'நீ' என்றே கூப்பிடுகிற ஊர் அது. அதனாலேயே முகத்துக்கு நேராக மறுப்பது இன்னும் கஷ்டம், சிநேகிதிக்கு மாட்டேன் என்று சொல்வதுமாதிரி இருக்கும். "முழுசா வர்றியா, முக்காலா? திங்கட்கிழமை தெரியணும் எனக்கு. உன்னை நம்பித்தான் ஆள் போடணும்." முக்கால் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம், மரம் அறுக்கும் ஆலை கேன்டீனில் ஒரு நாள்கூட லீவு போடாமல் கிழிந்துபோன அம்மாவின் ஞாபகம் வரும். முக்கால் ஆளா நான் என்று தோன்றும். அதனால்தான் முடிவை மலைமேல் போட்டாள்.

பாலத்தடியில் மூன்று பேரும் கூடினார்கள். சோல்வே தன் சைக்கிள் கம்பியில் ஜெல் உறைகளை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

"என்னடி இது, கிறிஸ்துமஸ் மரமா?" என்றாள் மரீத்தா.

"சிரி சிரி. அறிவியல்டி இது."

"உன் அறிவியல் போன தடவை புதருக்குப் பின்னால போய் உட்கார வச்சுதே," என்றான் ரூனே.

"அது தண்ணி சரியில்ல."

"ஒரே தண்ணியத்தான் நானும் குடிச்சேன்."

காட்டுப்பாதை முதலில் இதமாக இருந்தது. ஊசியிலை மெத்தைமேல் சக்கரம் சத்தமில்லாமல் போயிற்று. ஏரி தாண்டினதும் எதிர்க்காற்று பிடித்தது. சதுப்புமேல் போட்டிருந்த பலகைகள் மழையில் வழவழத்துக் கிடந்தன, இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. முதல் இளைப்பாறலில் மரீத்தா பையைத் திறந்தாள். ரூனேயின் காது வெளுத்திருந்தது, அவனுக்குக் கிழங்கு. அவன் தின்கிற வேகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம். சோல்வேக்கு ஜெல் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவளுக்குப் புளுபெரிக் கஞ்சி, வயிற்றைக் கட்டும். பாட்டிலை வாங்கினவள் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ?" என்றாள் சோல்வே.

"நான் அப்பப்ப போட்டுக்கறேன்."

பொய் சொல்லவில்லை. தான் சாப்பிட்டதாகவே அவள் நினைத்தாள். கொடுத்த கைக்கும் சாப்பிட்ட கைக்கும் வித்தியாசம் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய் முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை உண்டு. மூன்று பக்கம் கட்டை அடித்து, ஒரு பக்கம் திறந்து, முன்னால் தீ மூட்டக் கல் போட்டது. அதற்குமேல் மொட்டைமலை. கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு காபியைத் திறந்தார்கள். டப்பா சுற்றி வந்தது. ரூனே இரண்டு பன் தின்றான், சோல்வே இரண்டு தின்றாள், பிறகு ரூனே பேசிக்கொண்டே மூன்றாவதையும் எடுத்தான். மரீத்தா காபி ஊற்றுவதும், ஈரக் கையுறைகளைப் பிழிந்து காயப்போடுவதுமாக இருந்தாள். அவள் வந்து உட்கார்ந்தபோது டப்பாவில் ஒரே ஒரு பன் இருந்தது.

ஒன்று என்றாலே பிரச்சினைதான். அந்த நாட்டில் தட்டில் கடைசியாக மிஞ்சுவதை யாரும் எடுப்பதில்லை. கல்யாண வீடானாலும் சரி, ஆபீஸ் காபி அறையானாலும் சரி. எடுக்கிறவன் பெரும்பசிக்காரன், வளர்ப்பு சரியில்லாதவன். மிஞ்சிப்போனால் பாதியாக வெட்டி ஒரு பாதி எடுக்கலாம். அடுத்தவன் வந்து அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் தட்டில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு காய்ந்து கிடக்கும், அதையும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

"யாருக்கு இது?" என்றாள் சோல்வே. கண் பன்மேலேயே இருந்தது.

"எனக்கு வேணாம், நான் நெறைஞ்சுட்டேன்," என்றான் ரூனே. "மரீத்தா, நீ எடு. நீதானே சுட்டே."

"சுட்டவளே எடுக்கறதா? நல்லாருக்கே நியாயம்! சோல்வே, உனக்குத்தான் வயிறு காலி."

"எனக்கு வேணவே வேணாம். ரூனே, ஆம்பளதானே நீ, எடேன்."

"மூணு தின்னவன்டி நான். பாதி வேணா எடுத்துக்கறேன், மரீத்தா மீதிய எடுத்தா."

"நீ முழுசா எடுத்தா என்னவாம்?"

"நீ எடுத்தா என்னவாம்?"

மழை வலுத்தது. யாருக்கும் தோற்க மனசில்லை. "சரி, அந்தப் பக்கம் எறங்கினதும் பாத்துக்கலாம்," என்று மரீத்தாவே டப்பாவை மூடினாள். மூன்று பேரும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்ட திருப்தியில் எழுந்தார்கள்.

மொட்டைமலையில் பாதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. பனிக்காலத்துக்காக நட்ட சிவப்புக் குறுக்குக்கட்டை அடித்த கம்பங்களைப் பார்த்துக்கொண்டே கல்லுக்குக் கல் ஏறவேண்டும். முதல் சில கம்பங்களுக்கு மரீத்தா நன்றாகத்தான் போனாள். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். இருக்கு, இன்னும் இருக்கு, முழுசுன்னு சொல்லிடலாம். அடுத்த கம்பத்தில் கை குளிர்ந்தது. அதற்கடுத்ததில் முன்னால் போன சோல்வேயின் முதுகைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. எதற்கு இவ்வளவு வேகம், யாரைத் துரத்துகிறாள்? தொடை இரண்டும் நனைந்த சாக்குமாதிரி தொங்கின. வியர்வை சில்லிட்டது. கியரை இறக்கவேண்டும் என்று தெரிந்தது. எந்தக் கை? வலதா, இடதா? இரண்டு கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தக் கேள்வியை அவளுக்குத் தெரியும். உறைந்த காருக்குள் உட்கார்ந்திருந்த அதே கேள்வி.

அவள் இறங்கவில்லை, சைக்கிள்தான் பக்கவாட்டில் சாய்ந்தது. ஈரக் கல்மேல் உட்கார்ந்துகொண்டாள். சோல்வே திரும்பிப் பார்த்துச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னடி? அடிபட்டுச்சா?"

"இல்ல. நீ போ. போயிக்கிட்டே இரு. எல்லாரும் போங்க." நாக்கு தடித்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஊற்றியது.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"காபி."

"அப்புறம்?"

"கிழங்கு."

"எத்தனை கிழங்கு?"

மரீத்தா வெகுநேரம் யோசித்தாள். "ஒண்ணு. உப்பு சரியா இருக்கான்னு பாக்க."

"மொதல்ல நின்ன எடத்துல?"

"ரூனே காது வெளுத்திருந்துச்சே."

"அவன் காதைப் பத்தி நான் கேக்கல! கஞ்சி?" கேட்டுவிட்டு சோல்வேயே வாயை மூடிக்கொண்டாள். கஞ்சியைக் குடித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். "ஐயோ, நாசமாப் போச்சு. ரூனே! அந்த டப்பாவை எடு!"

ரூனே மரீத்தாவின் முதுகுப்பையைத் துழாவி டப்பாவைத் திறந்து பன்னை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு மூன்றாகப் பிய்த்து, ஒன்றை அவனிடமும் ஒன்றை சோல்வேயிடமும் நீட்டினாள்.

ரூனே பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டான். வாங்கினதோடு விடாமல், அதையும் பாதியாக்கி ஒரு பாதியை அவளிடம் திருப்பி நீட்டினான்.

"எருமை!" என்று கத்தினாள் சோல்வே. அவ்வளவு பெரிய மலையில் அந்தச் சத்தம் எங்கேயும் எட்டவில்லை, காற்று வாங்கிக்கொண்டுபோயிற்று. "ரெண்டு பேருமே எருமைங்க! மூணு பேரும்! ஒருத்தி மயங்கி விழறா, நாம இங்க விருந்துக்கு வந்த மாதிரி மரியாதை பண்ணிட்டிருக்கோம். குடு எல்லாத்தையும் அவகிட்ட. மரீத்தா, வாயைத் தொற. இன்னும் ஒரு வாய்."

இன்னும் ஒரு வாய். அந்தப் பேச்சைத் தன் காதால், தனக்காக, யாரோ சொல்லக் கேட்டபோது மரீத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. மென்றாள். மழையில் ஊறின பன், பட்டையும் சர்க்கரையும் நாக்கில் மெல்ல மெல்லக் கரைந்தது. ரூனே தன் சனிக்கிழமை மிட்டாய்ப் பையை முழுசாக அவள் மடியில் கவிழ்த்தான். தன் மேல்சட்டையையும் கழற்றிப் போர்த்தினான். அவள் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மிட்டாயாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குச் சூடு திரும்பியது. எது வலது, எது இடது என்பதும் திரும்பியது.

"அதோ பார், அந்தக் கல்குவியல்தான் உச்சி," என்றான் ரூனே. "அங்க போயிட்டா அப்புறம் எறக்கம்தான். உன் சைக்கிளை நான் தள்றேன், நீ சும்மா நட."

மரீத்தா நிமிர்ந்து பார்த்தாள். கல்குவியல் நிஜமாகவே பக்கத்தில்தான் இருந்தது. போய்விடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் தள்ள, இவள் நடக்க, அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். திங்கட்கிழமை ஷனெத்திடம் மலையைத் தாண்டினேன் என்று சொன்னால் அது பொய்யாகாது. அவள் வாழ்க்கை பூராவும் தாண்டினது இப்படித்தான். காலி ஆனபிறகும் தாண்டுவாள், தாண்டினதால் காலி ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

"நான் திரும்பறேன்," என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டுத்தான் சொல்றேன். எனக்குள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல ரூனே. நீங்க வேணா போங்க. நான் ஜல்லி ரோடு வழியா எறங்கிக்கறேன்."

ரூனே உச்சியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "போன வருஷமும் மேகம், ஒண்ணும் தெரியல," என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினான்.

இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து மரீத்தாவின் மணிக்கட்டு வலித்தது. தோற்றுவிட்டோமா என்று ஒரு வளைவில் நினைத்தாள். அடுத்த வளைவில் அதை நினைக்கக்கூடத் தெம்பில்லை. அதுவும் ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது.

ஜல்லி ரோடு தார் ரோட்டைத் தொடும் இடத்தில் பெட்ரோல் பங்க். கண்ணாடிப் பெட்டிக்குள் தொத்திறைச்சி உருண்டுகொண்டிருந்தது. சோல்வேயும் ரூனேயும் வெளியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்கள். மரீத்தா உள்ளே போனாள். வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"தொத்திறைச்சி, மசிச்ச கிழங்கு. பெரிசு," என்றாள் கல்லாவில் இருந்த பெண்ணிடம். "அப்புறம் ஒரு சாக்லேட் பால்."

"ஒருத்தருக்கா?"

"ஒருத்தருக்கு."

அட்டைத் தட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முழுசாக, முதுகு சாய்ந்து. இரண்டு வாய் தின்றிருப்பாள், சட்டைப் பையில் போன் அடித்தது. ஷனெத்.

"மரீத்தா, சனிக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ. நாளைக்கு வரவேண்டிய ஒரு ஆள் படுத்துக்கிட்டாங்க. காலை ஷிப்டுக்கு மட்டும் நீ கொஞ்சம் வந்து நிக்க முடியுமா? வேற யாரும் ஆப்டல."

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், ஷனெத்."

"ஓ. அப்ப அப்புறமா கூப்பிடட்டுமா?"

"வேணாம், இப்பவே சொல்லிடறேன்." வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை மறுமுனையைக் காக்கவைத்தாள். "நாளைக்கு என்னால வர முடியாது. செப்டம்பர்லேர்ந்து முக்கால். முழுசு இல்ல."

"நான் முழுசுன்னு நம்பியிருந்தேன்."

"நானும்தான்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"மலைமேல உட்கார்ந்து யோசிச்சேன்."

"சரி," என்றாள் ஷனெத். அவள் குரலும் அசந்துபோயிருந்தது. வேறு யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே தேட ஆரம்பித்திருப்பாள். "சரி. நாளைக்கு நான் பாத்துக்கறேன். நீ சாப்பிடு."

மரீத்தா போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு முள்கரண்டியை எடுத்தாள். மசித்த கிழங்கிலிருந்து ஆவி வந்தது. சோல்வே ஓரக்கண்ணால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

"உப்பு கரெக்டா இருக்கா?"

"வேணும்னா உள்ள போய் வாங்கிக்கோ," என்றாள் மரீத்தா, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "வரிசைகூட இல்ல."